கேனில் ஒரு கணக்கு, சுவரில் ஒரு கணக்கு

டிகிரீசர் கேனின் லேபிளில் 1:60 என்று அச்சாகியிருக்கிறது. பிரஷர் வாஷரோடு வரும் இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 1:10 முதல் 1:20 வரையிலான அளவில் கெமிக்கலை இழுக்கின்றன. இரண்டு எண்களும் சரிதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வேலையில் இறங்குவதுதான் தவறு.

பம்புக்கு அடுத்துப் பொருத்தப்படும் இன்ஜெக்டர், கெமிக்கலில் தன் பங்குக்கு ஒருமுறை தண்ணீர் கலக்கிறது. லேபிளில் 1:10 என்றிருக்கும் கெமிக்கலைக் கேனிலேயே அப்படிக் கலந்து, அதை 1:10 இழுக்கும் இன்ஜெக்டர் வழியே அடித்தால், தரையில் விழுவது பதினொன்றில் ஒரு பங்கு அல்ல, 121-இல் ஒரு பங்கு. அழுக்கு அசையாது. உடனே சரக்கு மட்டம் என்று பிராண்டை மாற்றுவார்கள். இல்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டிப் பெயின்ட்டை உரித்துவிடுவார்கள்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1:3 என்றால் ஒரு பங்கு கெமிக்கல், மூன்று பங்கு தண்ணீர், ஆக மொத்தம் நான்கு பங்கு. ஒரு லிட்டர் கலவைக்கு 250 மில்லி. இதையே ‘மூன்றில் ஒன்று’ என்று எடுத்துக்கொள்பவர் 333 மில்லி ஊற்றுகிறார். 1:100 போன்ற நீர்த்த கலவைகளில் இந்த வேறுபாடு பொருட்டல்ல. கெட்டியான கலவைகளிலோ அது பில்லிலும் தெரியும், அலுமினிய வீலின் நிறத்திலும் தெரியும்.

விகிதம் மட்டும் போதாது. கேனில் இருப்பது எத்தனை சதவீதச் சரக்கு என்பதும் தெரிய வேண்டும். 2020-இல் கிருமிநீக்கத்துக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பரிந்துரைத்தபோது, 3.5 சதவீதச் சரக்குக்கு 1:2.5 என்றும் 5 சதவீதச் சரக்குக்கு 1:4 என்றும் தனித்தனியே குறிப்பிட்டது. அதே 1 சதவீதத்தை 12.5 சதவீத ஹைப்போவிலிருந்து பெற, ஒரு பங்குக்குப் பதினொன்றரைப் பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். அதோடு, ஹைப்போ வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும் சரக்கு. செறிவு கூடக் கூட இழப்பும் வேகமாகும். தகரக் கூரைக்குக் கீழே கோடையைக் கழித்த கேனில் லேபிளில் உள்ள சதவீதம் மிஞ்சியிருக்காது.

12.5 சதவீத ஹைப்போவைத் தண்ணீரே சேர்க்காமல் 1:10 இன்ஜெக்டரில் விட்டாலும், சுவரை அடைவது சுமார் 1.1 சதவீதம்தான். பாசி பிடித்த வெளிச்சுவருக்குப் பொதுவாக அது போதும். கூரை வேறு கதை. அமெரிக்காவில் ஆஸ்பால்ட் ஷிங்கிள் கூரைகளில் படியும் கறுப்புப் பாசிக்கு, அந்நாட்டு ஆஸ்பால்ட் கூரை உற்பத்தியாளர் சங்கம் வீட்டு பிளீச்சையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் கழுவச் சொல்கிறது. பிளீச் 5, 6 சதவீதம் என்று வைத்தால் கலவை சுமார் 3 சதவீதம். இந்த இன்ஜெக்டரால் அந்த அளவை எட்டவே முடியாது. அதனால்தான் கூரை வேலைக்காரர்கள் தனியாக 12 வோல்ட் பம்பு வைத்துக்கொள்கிறார்கள்.

இன்ஜெக்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை அறிய ஒரு வாளியும் கடிகாரமும் போதும். கேனில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். வேலைக்குப் போடும் அதே ஹோஸையும் சோப்பு நாசிலையும் மாட்டி, ஒரு நிமிடம் வாளியில் அடிக்க வேண்டும். வாளியில் 15 லிட்டர் சேர்ந்து, கேனில் 1 லிட்டர் குறைந்திருந்தால் விகிதம் 1:14. இப்போது லேபிளின் 1:60-க்கு வருவோம். மொத்தப் பங்கு 61. இன்ஜெக்டரின் மொத்தப் பங்கு 15. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறக்குறைய 4. ஆகவே கேனில் ஒரு பங்கு டிகிரீசருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் கணக்கு நேராகும்.

ஹோஸ் நீண்டாலும், கெமிக்கல் கெட்டியாக இருந்தாலும், உறிஞ்சு குழாயின் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இழுப்பு குறையும். சிறுதுளை நாசிலை மாட்டி அழுத்தம் ஏறினால் இழுப்பு அடியோடு நின்றுவிடும். ஆகவே ஹோஸோ நாசிலோ மாறும்போதெல்லாம் வாளிச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சிமென்ட் கறைக்கு ஆசிட் இழுத்த குழாயையும் கேனையும் அலசாமல் ஹைப்போவுக்குப் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எந்த விகிதமும் அதிலிருந்து காப்பாற்றாது.

ஒவ்வொரு வாஷரின் உடலிலும் அதன் சோதித்த விகிதத்தைப் பெயின்ட்டால் எழுதி வைக்க வேண்டியது உரிமையாளர்களின் பொறுப்பு. செயல்படு பொருளின் சதவீதத்தையும் தயாரித்த தேதியையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் லேபிளில் அச்சிட வேண்டியது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. அவை இல்லாத கேனை வாங்க மறுப்பதை இத்துறையினர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.