தறிக்கூடம் எத்திசை நோக்குவது?

சென்ற கோடையில் நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த நெசவாளர் சங்கமொன்றில், நண்பகலுக்கு முன்னரே தறிகள் ஓய்ந்து கிடந்தன. பாவு இருந்தது, ஊடை இருந்தது, கொள்முதல் உத்தரவும் கையில் இருந்தது. கூடத்துக்குள் மனிதர் அமரத்தான் இயலவில்லை. மேலே தகரக் கூரை. ஜன்னல்கள் யாவும் கிழக்கிலும் மேற்கிலும். பிற்பகல் வெயிலுக்கு அஞ்சி மேற்கு ஜன்னல்களில் கோணிப்பையைத் தொங்கவிட்டுப் பட்டப்பகலில் மின்விளக்கேற்றி நெய்தனர். மின்சாரக் கட்டணம் சங்கத்தின் கணக்கில். இழந்த கூலி அங்கத்தினர் கணக்கில். அக்கட்டடத்தின் மதிப்பீட்டில் ‘செலவு குறைவு’ என்று குறிப்பெழுதி அனுப்பியவர் நாமே என்பதையும் மறைப்பதற்கில்லை.

தமிழகத்தில் உச்சிச் சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே வெப்பத்தின் பெரும்பங்கைக் கூரையே வாங்குகிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால், கிழக்கு மேற்கு ஜன்னல்களை எவ்வளவு நீண்ட தாழ்வாரமும் காப்பதில்லை. எனவே கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடவேண்டும். ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் அமையவேண்டும். ஆனி மாதத்தில் சூரியன் சற்றே வடக்கில் நிற்குமாதலால் வடபுறமும் இறவாரம் தேவை. வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்யாது; பட்டின் சாயம் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதனினும் நல்ல விளக்கு இல்லை. ஜன்னலின் மேல்விளிம்பு உயர உயர வெளிச்சம் உள்ளே தூரம் செல்லும். கூரையடியில் திறப்பு வைத்தால் சூடேறிய காற்று வெளியேறும். ஆனால் வறண்ட காற்று பாவின்மேல் நேரே பட்டால் நூல் அறும். குழித்தறி இட்ட நம் முன்னோர் இதனை அறிவர், ஒப்பந்தக்காரர் அறியார். கீழ்ஜன்னல்களுக்குக் கதவு அவசியம்.

இவையெல்லாம் பணக்காரர் சமாசாரமென்று சிலர் எண்ணக்கூடும். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர், சிக்கனத்துக்காகவே இவ்வழியில் கட்டினார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுவரின் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். அதனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. வெற்றிடம் வெப்பத்தையும் தாமதப்படுத்துகிறது. செங்கல்லிடையே துளைகள் விட்ட சுவர்களால் காற்றையும் ஒளியையும் உள்ளே விட்டார்.

விவசாய அங்கத்தினர்கள் பொறுத்தருள்க. தானியக் கிடங்கின் தேவை வேறு, அதற்குத் தனியே எழுதவேண்டும்.

புதிய தறிக்கூடத்துக்கு மனை பார்க்கும் சங்கங்கள், வரைபடத்தை நிர்வாகக் குழுவுக்குக் காட்டுமுன் தறியில் அமர்பவரிடம் காட்டுக. வடக்கு எதுவென்று குறிக்காத வரைபடம் நம் மேசைக்கு வந்தால், இனி அது கையொப்பமின்றித் திரும்பி வரும்.