தண்ணீரில் பாயும் சீனாவின் ‘டைப் 05’ கவச வாகனம்.. தைவானில் கரையேற இது போதுமா?

தைவானை மனதில் வைத்து சீனா நடத்தும் போர்ப் பயிற்சி வீடியோக்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். கப்பலின் பின்கதவு திறக்கிறது. டேங்க் போன்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்குகின்றன. படகு மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரையை நோக்கிப் பாய்கின்றன.

அந்த வண்டிதான் டைப் 05. இது எப்படி இயங்குகிறது? தைவானைப் பிடிக்க இது போதுமா? விரிவாகப் பார்க்கலாம்.

அப்படி என்ன வண்டி இது?

சீன அரசு நிறுவனமான நோரின்கோவின் தயாரிப்பு. 2009-ல் பெய்ஜிங் தேசிய தின அணிவகுப்பில் இடம்பெற்றது. எடை சுமார் 26 டன். கரையில் டேங்க் போலவே இரும்புப் பட்டைச் சக்கரங்களில் ஓடும். சேறு, மணல், மேடு எதுவாக இருந்தாலும் சிக்காமல் ஏறத்தான் இந்த ஏற்பாடு.

இதில் முக்கியமாக 2 வகைகள் உண்டு. வீரர்களை ஏற்றிச் செல்லும் இசட்பிடி-05ல் 30 மிமீ பீரங்கி இருக்கும். இன்னொன்றான இசட்டிடி-05ல் 105 மிமீ பீரங்கி. மிதந்துகொண்டே இதிலிருந்து சுட முடியும். சீனாவின் மரைன் படை மட்டுமல்ல, தரைப்படையின் கடல்வழித் தாக்குதல் பிரிவுகளும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. இதன் ஏற்றுமதி ரகங்களை வெனிசுலாவும் தாய்லாந்தும் வாங்கியுள்ளன.

தண்ணீரில் எப்படி இவ்வளவு வேகம்?

பெட்டி மாதிரி இருக்கும் கவச வண்டி தண்ணீரில் இறங்கினால், முன்னால் ஒரு அலையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வேகம் கூடக் கூட அந்த அலையும் பெரிதாகும். எஞ்சினின் சக்தி எல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

டைப் 05 இதற்கு வேறு வழி கண்டது. கடலில் இறங்கியதும் முன்பக்கம் மடித்து வைத்த பலகை விரியும். சக்கரங்கள் மேலே இழுத்துக்கொள்ளும். பின்னால் உள்ள 2 வாட்டர் ஜெட்கள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும். மூக்கு மேலே தூக்கி, ஸ்பீட் போட் போல வண்டி நீரின் மேல் சறுக்கிக்கொண்டு போகும். மணிக்கு சுமார் 25 கிமீ வேகம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்க மரைன் படை 1972 முதல் பயன்படுத்திய ஏஏவி வண்டியின் வேகம் தண்ணீரில் சுமார் 13 கிமீதான்.

வேகம் ஏன் முக்கியம்?

இன்று கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் எல்லாப் பக்கமும் இருக்கின்றன. அதனால் பெரிய கப்பல்கள் கரைக்குப் பக்கத்தில் வரத் தயங்கும். 40 கிமீ தள்ளி நின்றே வண்டிகளை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். 13 கிமீ வேகத்தில் போனால் கரை சேர 3 மணி நேரம். 25 கிமீ வேகத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் உள்ளே இருக்கும் வீரர்களுக்கு ஒளிய இடம் கிடையாது.

அமெரிக்கா ஏன் கைவிட்டது?

இதைவிட வேகமான வண்டியை அமெரிக்காவே செய்து பார்த்தது. இஎஃப்வி என்ற அந்த வண்டியின் வேகம் தண்ணீரில் சுமார் 46 கிமீ. ஆனால் அதற்கு 2,700 குதிரைத்திறன் எஞ்சின் தேவைப்பட்டது. 60 டன்னைத் தாண்டும் ஏப்ரம்ஸ் டேங்குக்கே 1,500 குதிரைத்திறன்தான்! 2006 சோதனையில் சராசரியாக 4.5 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதானது. சுமார் 300 கோடி டாலர் செலவழித்த பிறகு, 2011 ஜனவரியில் திட்டத்தை ரத்து செய்வதாக அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அறிவித்தார்.

விளைவு, பழைய ஏஏவியே தொடர்ந்து ஓடியது. 2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியா கடலில் பயிற்சியின்போது ஒரு ஏஏவி தண்ணீர் புகுந்து மூழ்கியது. உள்ளே இருந்த 16 பேரில் 9 பேர் பலி. சுட ஒரு எதிரிகூட இல்லாத இடத்தில் நடந்தது இது. இப்போது அமெரிக்கா வேகத்தை விட்டுவிட்டு, 8 டயர்களில் ஓடும் ஏசிவி என்ற வண்டிக்கு மாறி வருகிறது.

அப்படியானால் சீனா ஜெயித்துவிட்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. வேகத்துக்கு சீனா கொடுத்த விலை கவசம். நீரில் சறுக்க வேண்டுமென்றால் எடை குறைவாக இருக்க வேண்டும். எடை குறைந்தால் பாதுகாப்பும் குறையும். துப்பாக்கிக் குண்டு, குண்டுச் சிதறல் வரை தாங்கலாம். தைவானிடம் உள்ள ஜாவலின் போன்ற டேங்க் எதிர்ப்பு ஏவுகணை பட்டால் தாங்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தைவான் நீரிணையின் மிகக் குறுகிய இடமே சுமார் 130 கிமீ. டைப் 05 முழு வேகத்தில் போனாலும் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடையில் புயல், குளிர்காலத்தில் பருவக்காற்று என அந்தக் கடலும் லேசுப்பட்டதல்ல. ஆக, பெரும்பாலான தூரத்தை கப்பலில்தான் கடக்க வேண்டும். அந்தக் கப்பல்களுக்காகத்தான் சியுங் ஃபெங் ஏவுகணைகளைத் தயாரித்து வைத்திருக்கிறது தைவான். கப்பல் மூழ்கினால் அதற்குள் இருக்கும் வண்டி எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

எதைக் கவனிக்க வேண்டும்?

கரையில் முதலில் கால் வைப்பது டைப் 05 ஆக இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் டேங்க், எரிபொருள், உணவு, மருந்து, ஆயிரக்கணக்கான வீரர்கள் என எல்லாம் வந்து சேராவிட்டால் முதல் அலையில் இறங்கியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

இது சீனாவுக்கும் தெரியும். 2021-ல் டைப் 075 என்ற பெரிய தாக்குதல் கப்பலைக் கடற்படையில் சேர்த்தது. பயணிகள் ஃபெர்ரிகளையும் ராணுவப் பயிற்சியில் இறக்கியது. 2025 தொடக்கத்தில் நீளமான பாலங்களைச் சுமந்த புதுவகை மிதவைகளும் கண்ணில் பட்டன. துறைமுகமே இல்லாத கரையில் கனரக வாகனங்களை இறக்குவதற்கானவை இவை.

அதிநவீன சிப்களில் பெரும்பகுதி தைவானில்தான் தயாராகிறது. அதனால் அங்கே போர் வந்தால் அதன் சூடு நம் செல்போன் விலை வரைக்கும் வரும். சீனா உண்மையிலேயே தயாராகிறதா என்று தெரிய வேண்டுமானால் கடலில் பாயும் வண்டிகளை எண்ணினால் போதாது. அவற்றைச் சுமக்கும் கப்பல்கள், ஃபெர்ரிகள், மிதவைகள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.