பிரேக்டவுனை அணைக்காதீங்க மக்கா!

ஓப்பன் டிடிடி-யில ரயில் விடுற மக்கள் நிறைய பேர் எடுத்த எடுப்புலயே பிரேக்டவுனை அணைச்சிடறாங்க. கேட்டா, "ஒரு வண்டி நின்னா பின்னாடி பத்து வண்டி நிக்குது, கடுப்பாகுது"ங்கறாங்க. நிக்கத்தாங்க செய்யும், ஒத்தத் தண்டவாளத்துல வேற என்ன நடக்கும்?

சாதாரணமா 150 நாளுக்கு ஒருதடவை வண்டி சர்வீசுக்கு டிப்போ தேடும். அந்த டிப்போவை எங்க கட்டுறது, உள்ள போற வண்டி மெயின் லைனை மறிக்காம எப்படித் திருப்புறது... மூளைக்கு வேலையே அங்கதான்! பிரேக்டவுனே இல்லேன்னா எஞ்சினோட நம்பகத்தன்மை சதவீதத்தை யார் பாக்கப்போறா? வேகமா ஓடுறதை கண்ணை மூடிட்டு வாங்கிடலாம். (டிப்போவுல நுழைஞ்சதுமே அந்த சதவீதம் உச்சத்துக்கு ஏறிடறது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கறேன்.)

தாங்கலேன்னா 'குறைவு'ன்னு வச்சு ஆடுங்க. அதுவும் கஷ்டம்னா, சாவி குடுக்கற பொம்மை ரயில் கடையில கிடைக்குது சாமி!