எடை பார்த்தால் போதுமா, கட்டை யார் பார்ப்பது?

சேலம் உருக்காலையில் உருவாகும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, சுருளாகச் சுற்றப்பட்டு லாரி ஏறுகிறது. சேலத்திலிருந்து சென்னைக்கு வழக்கமான வழி ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம். அனந்தபுரம், மயிலம் பக்கத்திலிருந்து இருசக்கர வாகனங்களில் நெடுஞ்சாலைக்கு வருபவர்கள் இந்த டிரெய்லர்களை ஒட்டித்தான் போகிறார்கள். அதிக பாரம் ஏற்றினால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். எடையில் காட்டும் இந்தக் கண்டிப்பைச் சுருளைப் பிணைக்கும் கட்டிலும் காட்ட வேண்டும். அனுமதித்த எடைக்குள் இருக்கும் சுருளும் கட்டு சரியில்லையென்றால் ஆளைக் கொல்லும்.

இருபது டன் இரும்பு எங்கே நகரப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சுருளைத் தளத்தில் பிடித்து வைப்பது உராய்வு. பிரேக் போடும்போது அதை முன்னே கொண்டுபோவது அதன் நிலைமம். எடை கூடினால் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடும். ஆகவே கனம் எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள சுருள் வெறும் இரும்புத் தளத்தில் உட்கார்ந்தால், உராய்வு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரு பங்கு. கட்டு முன்பக்கமாக எடையின் 80 சதவீத விசையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அளவுகோல். 20 டன் சுருளுக்கு அது 16 டன். உராய்வு 4 டன்னைத் தாங்கினாலும் மீதி 12 டன் சங்கிலியின் மீதும் ஆப்பின் மீதும்தான் விழும். அவை தளர்ந்திருந்தால் சுருள் ஓட்டுநரின் கேபினுக்குள் புகும். நடுத்துளை பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்த சுருளோ சக்கரமாகவே உருளும். அதனால்தான் அமெரிக்காவில் 2,268 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள சுருள்களுக்குத் தனி விதி இருக்கிறது. துளை எந்தத் திசையில் இருந்தால் சங்கிலி எப்படிப் போக வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. சுருளைத் தாங்கும் கட்டைகள் நகராமலிருக்க ஆணியடித்த மரத்தை மட்டும் நம்புவதற்கும் அங்கே தடை.

மெதுவாக ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். குறுக்கே ஒருவர் வந்து திடீரென பிரேக் மிதிக்கும்போது, சுருளைத் தள்ளும் விசை வண்டி எவ்வளவு சட்டென்று வேகம் இழக்கிறது என்பதைப் பொறுத்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்திலும் அது அறுபதில் இருப்பதைப் போலவே இருக்கும். செலவு என்பார்கள். சங்கிலி, ரப்பர் விரிப்பு, சுருள் உட்காரும் தொட்டில் எல்லாம் பல நடைக்கு வருபவை. ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பலவீனமான வாதம். கிரேனால் சுருளை இறக்கி வைப்பது ஏற்றுமிடத்து ஆட்கள். எங்கே, எந்தத் திசையில் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. அதிக பாரத்துக்கு, ஓட்டுபவரோடு ஓட்டவைப்பவரையும் சட்டம் பொறுப்பாக்குகிறது. கட்டுக்கும் அதே நியாயம் வேண்டும்.

எடைச்சீட்டோடு கட்டுச்சீட்டையும் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். சுருளின் எடை, வைத்த திசை, சங்கிலிகளின் எண்ணிக்கை, அவற்றின் தாங்குதிறன் ஆகியவற்றை எழுதி, ஏற்றிய இடத்துப் பொறுப்பாளர் கையெழுத்திடட்டும். அந்தச் சீட்டைச் சரிபார்க்கும் வேலையை இந்த வழியிலுள்ள விக்கிரவாண்டி சுங்கச்சாவடியிலேயே தொடங்கலாம்.