கடித்தது பூச்சிதானா?

நள்ளிரவு. பாயில் படுத்திருந்தவர் திடுக்கிட்டு விழிக்கிறார். காலில் முள் குத்தியது போல் இருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்க்கிறார். இரத்தம் இல்லை. வீக்கமும் இல்லை.

"ஏதாவது பூச்சி கடித்திருக்கும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு படுங்கள்" என்கிறார் மனைவி.

விடியற்காலையில் அவருக்கு வயிறு வலிக்கிறது. ராத்திரிச் சாப்பாடு சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அதை விழுங்க முடியவில்லை. கண் இமைகள் தாமாகவே மூடுகின்றன.

கடித்தது பூச்சி அல்ல. கட்டுவிரியன்!

தேள் கொட்டினால் அந்த நொடியே 'சுரீர்' என்று வலிக்கும். பூரான் கடித்தால் எரியும், வீங்கும். மூட்டைப்பூச்சி கடித்த இடம் தடித்து அரிக்கும். கட்டுவிரியன் கடித்தாலோ, பெரும்பாலும் இவை எதுவும் தெரியாது. அதன் பல் மிகச் சிறியது. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள் உள்ள இந்தப் பாம்பு, இரவில்தான் இரை தேடும். வீட்டுக்குள்ளும் வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும்.

ஆகவே "வலி இல்லையே" என்று தைரியம் கொள்வது தவறு. தரையில் படுத்தவரை இருட்டில் ஏதோ கடித்தது, கடித்தது எது என்று யாரும் பார்க்கவில்லை என்றால், பாம்பு என்றே வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். பூச்சிதான் என்று தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம். ஓர் இரவுத் தூக்கம்தான் நஷ்டம்!

பேச்சு வழக்கிலும் ஒரு வம்பு இருக்கிறது. இரவில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்று, பல ஊர்களில் அதையும் "பூச்சி" என்றே சொல்வார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளட்டும். டாக்டரிடமும் அப்படிச் சொன்னால் அவர் எதை என்று புரிந்துகொள்வார்?

பாம்பைத் தேடவும் வேண்டாம்

தடியை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் தேடுகிறவர்கள் உண்டு. "பாம்பைக் காட்டினால்தானே மருந்து கொடுப்பார்கள்" என்பது அவர்கள் எண்ணம். அது வீண் வேலை. இன்னொருவரும் கடிபட நேரலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு ஊசிதான் போடுகிறார்கள். டாக்டர் பார்ப்பது பாம்பை அல்ல, நோயாளியை. இமை தொங்கினால் விஷம் நரம்பைத் தாக்கியிருக்கிறது என்று அறிவார். கொஞ்சம் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆடாமல் வைப்பார். உறையாவிட்டால், கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் மீது சந்தேகம் விழும்.

கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது எல்லாம் கெடுதல். கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் கட்டுவிரியன் கடித்து மூச்சே நின்று போகும் நிலையில் வந்தவர்களுக்கும், கருவி மூலம் நாள் கணக்கில் மூச்சுக் கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவி இருப்பது மருத்துவமனையில். சுண்ணாம்பு டப்பா இருப்பது வீட்டில்.