ஃபர்ம்வேர் கோப்பைப் பூட்டி வைக்காதீர்கள்

"லோகோவிலேயே நிக்குதுங்க" என்று போனை நீட்டுகிறவரிடம் நாங்கள் பெரும்பாலும் சொல்வது, "ப்ளாஷ் போட்டுப் பார்க்கணும்." போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, அதன் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை மறுபடி எழுதும் வேலை அது. அதை யார், எந்தக் கோப்பைக் கொண்டு, எந்த நிபந்தனையில் செய்யலாம் என்பதில், சிறு கடைகளில் போன் பழுதுபார்க்கும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது.

விற்ற போனின் அசல் ஃபர்ம்வேரையும், அதை எழுதும் கணினி மென்பொருளையும் தயாரிப்பாளர்கள் பொதுவில் வைக்க வேண்டும். பாதுகாப்புக்காகவே பூட்டி வைத்திருக்கிறோம் என்ற பதிலை நாங்கள் ஏற்கவில்லை. ஐபோனை வீட்டுக் கணினியில் செருகியே மீட்கலாம். ஏற்றப்படும் பதிப்புக்கு ஆப்பிளின் கையொப்பம் உண்டா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்படுகிறது. பிக்சல் போன்களின் கோப்புகளைக் கூகுள் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்காமல், தகவல் அழியாமல் ரெக்கவரி முறை வழியாக ஏற்றும் வகையும் அதில் உண்டு. இவ்வளவு திறந்து வைத்ததால் அந்தப் போன்களின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

பூட்டி வைப்பதால் என்ன நடக்கிறது என்பதைக் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குவால்காம் சிப் உள்ள போன் டெட் ஆகிவிட்டால், மென்பொருள் வழியில் அதற்குக் கடைசிக் கதி இடிஎல் என்ற அவசர முறை. அதற்குத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட, ஃபயர்ஹோஸ் என்ற நிரல் கோப்பு வேண்டும். சில நிறுவனங்களின் போன்கள் சர்வீஸ் சென்டர் கணக்கில் நுழையாமல் அதையும் ஏற்பதில்லை. அதனால் கடைக்காரர், அந்தக் கணக்கு வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவருக்குக் காசு அனுப்பி, தன் கணினியையே தொலைவிலிருந்து இயக்கக் கொடுக்கிறார். பாதுகாப்பு என்பது இதுதானா? சாம்சங் போனுக்கு அன்றாடம் பயன்படும் ஓடின் என்ற மென்பொருள்கூடப் பொதுமக்களுக்கென்று வெளியிடப்பட்டதல்ல, கசிந்து வந்தது.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. ஓடினில் சிஎஸ்சி கோப்பைப் போட்டால் போனில் உள்ள தகவல் எல்லாம் அழிந்துவிடும். ஹோம் சிஎஸ்சி போட்டால் படங்களும் எண்களும் தங்கும். அவசரத்தில் முதலாவதைப் போட்டுவிட்டு, "போன் கோளாறு, டேட்டா போயிடுச்சு" என்பது பச்சைப் பொய். இன்றைய போன்களில் தகவல் குறியாக்கம் ஆகியே கிடப்பதால், அழிந்த பிறகு எந்த ரெக்கவரி மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. எனவே உறுப்பினர்கள் தகவல் தங்கும் வழியையே முதலில் முயல வேண்டும். அது பலிக்காவிட்டால், உரியவரிடம் விளக்கிக் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்தது.

மீடியாடெக் போன்களுக்கான எஸ்பி ப்ளாஷ் டூலில் 'ஃபார்மேட் ஆல்' என்றொரு தேர்வு உண்டு. ஐஎம்இஐ என்ற அடையாள எண் இருக்கும் என்விரேம் பகுதியையும் அது சேர்த்து அழித்தால், அந்த எண் போய்விடும், சிக்னலும் போய்விடும். பிறகு ஏதோ ஒரு எண்ணை எழுதிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருப்பதை மறைக்க மாட்டோம். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அடையாள எண்ணைத் திருத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என்விரேமைச் சேமித்து வைக்காமல் அந்தத் தேர்வைத் தொடக் கூடாது. ரசீது காட்டாதவரின் போனில் கூகுள் கணக்குப் பூட்டையும் நீக்கக் கூடாது.

பெட்டியில் அச்சான அதே எண்ணைத் திரும்ப எழுதலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அரசு அதைத் தெளிவுபடுத்தும் வரை, அப்படிப்பட்ட போனைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்கே அனுப்புவோம்.