கொல்லையில் ஒரு குளம்

முருங்கையும் இரண்டு தென்னையும் போக எங்கள் வீட்டுக் கொல்லையில் எஞ்சியிருக்கும் 5 சென்ட் தரையில், வருகிற கோடை விடுமுறைக்குள் பேரப்பிள்ளைகளுக்கென்று ஒரு நீச்சல்குளம் கட்டிவிட வேண்டுமென்று சென்னையிலிருக்கும் என் மகன் பிரஸ்தாபித்த நாள் முதலாக, வீட்டில் வேறு விவகாரமே பேசப்படவில்லை.

அவன் அனுப்பிவைத்த கம்பெனிக்காரர் 25 அடி நீளம், 12 அடி அகலம், நாலரை அடி ஆழம் என்று சொல்லிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். கணக்கிட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 38,000 லிட்டர். நிரப்பிவிட்டால் தீர்ந்ததா என்றால், சிரமம் அன்றுதான் ஆரம்பம். மணல் வடிகட்டியின் மோட்டார் தினந்தோறும் பல மணி நேரம் ஓட வேண்டும்; குளோரின் பத்து லட்சம் பங்கு நீருக்கு 1 முதல் 3 பங்கு வரை இருக்க வேண்டும்; சித்திரை வெயில் குடித்துப் போகும் நீரை, நாளொன்றுக்கு இருநூறு லிட்டர் அளவில், நாமே ஈடு செய்ய வேண்டும். குளோரின் நெடி என்று நாம் மூக்கைப் பிடித்துக்கொள்வதுகூட வெறும் குளோரினுடையதன்று. குளிப்பவர்களின் வியர்வையோடும், சொல்லக் கூசுகிற மற்றொன்றோடும் அது கூடிப் பிறந்த பொருளின் நெடி என்பதை அறிந்தபின் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச உற்சாகமும் போய்விட்டது.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பெருமை பேசும் திருவாரூரில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கமலாலயத்தில் நீச்சல் பழகியவன் நான். மூன்றாம் படியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், பொடி மீன்கள் வந்து குதிகாலைக் கொத்தும்; கூச்சம் தாளாமல் தண்ணீரில் விழுந்தவர்களே பாதிப் பேர். ஆகவே, வெட்டுவதாயின் குளமே வெட்டுவோம் என்றேன்.

இது கிழவனின் பழம் பித்து என்று மகன் நினைத்தான். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 1980களிலிருந்தே வீட்டுத் தோட்டங்களில் இத்தகைய நீந்தும் குளங்களை அமைத்து வருகிறார்கள் என்பதையும், பரப்பில் ஏறத்தாழப் பாதியை ஆழமின்றி விட்டுக் கோரையும் அல்லியும் வைத்தால், பாசிக்கு உணவாகும் சத்துக்களை அவற்றின் வேர்களே உறிஞ்சிவிடும் என்பதையும் எடுத்துச் சொன்ன பிறகே அவன் காது கொடுத்தான்.

ஆனால் ஆட்சேபம் சமையற்கட்டிலிருந்து வந்தது. "இருக்கிற கொசு போதாதென்று அதற்கு நீங்களே வீடு கட்டிக் கொடுக்கப் போறீங்களா?" நியாயமான கேள்வி. மீன் விடலாம் என்றேன். அங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. மீனின் கழிவு பாசிக்கு உரமாவதால், தெளிந்த நீர் வேண்டும் மேனாட்டார் பெரும்பாலும் மீனைச் சேர்ப்பதில்லை. நமக்கோ கொசுவின் பொருட்டு மீனில்லாமல் கட்டாது. தும்பியின் குஞ்சுகளும் கொசுப்புழுவைத் தின்னுமென்றாலும், அவை வந்து குடியேறும்வரை காத்திருக்கும் பொறுமை என் மனைவிக்குக் கிடையாது. எனவே நீர் சற்றே பசுமை தட்டியிருக்கும். விளம்பரப் படங்களில் காணும் நீலம் நமக்கில்லை. முதல் மழைக்குத் தவளைகள் இரவெல்லாம் கத்தும், தண்ணீர்ப்பாம்பும் எப்போதாவது தலைகாட்டும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

இரண்டு வார விவாதத்துக்குப் பின் குளமே வெட்டுவதென்று முடிவாயிற்று. எங்கள் மண் களிமண்ணாகையால் அடியில் சிமெண்டு வேண்டாம், மிதித்துக் கெட்டித்தால் நீர் நிற்கும் என்பது மண் வேலைக்காரரின் அபிப்பிராயம். ஒன்றில் மட்டும் எங்களுக்குள் பேதமில்லை. கடைக்குட்டிப் பேரனுக்கு வயது மூன்று. நாலு பக்கமும் வேலி அடைத்துக் கதவுக்குப் பூட்டும் போட்ட பிறகுதான் மண்வெட்டி இறங்கும்.